ஏழாம் நம்பருக்கு இரண்டு டிகிரி

என் சகலையைக் கவிழ்க்க இரண்டு டிகிரி போதும் என்றுதான் நினைத்தேன். கோல்ஃப் மட்டை விஷயத்தில் இரண்டு டிகிரி சின்ன சமாசாரம் இல்லை. மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் போகும் பந்து. எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் போகும். இரண்டு டிகிரி மல்லாத்திவிட்டால் ஏழெட்டு கெஜம் குறையும். ஏழெட்டு கெஜம் குறைந்த மட்டையை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். இதுதான் என் கணக்கு.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். மூஞ்சிக்கு நேரே 'வாங்க, போங்க' என்பேன். மனசுக்குள் 'அவன்'தான். மனசுக்குள் இருப்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன் என்பதால் அவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது ஒரு கோல்ஃப் பத்திரிகையில். எழுத்தாளன் இல்லை, பட்டறைக்காரன். ஆபீசுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை எனக்கு. அதில் மட்டையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ், சாய்வு அளக்கிற மெஷின், மட்டையின் கழுத்தைக் கவ்வி வளைக்கிற நீளக் கம்பி, ஒரு தராசு. வருஷக் கடைசியில் பத்திரிகை ஓர் ஒப்பீடு போடும். எந்தக் கம்பெனி அந்த வருஷம் என்னென்ன மட்டை விட்டது, போன வருஷத்துச் சரக்குக்கும் இதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று. அந்த ஓர் இதழுக்காகவே சந்தா கட்டுகிறவர்கள் இருந்தார்கள். மட்டைகளை அளப்பது நான், சோதனைக்குத் தயார் செய்வது நான், கடைசியில் தீர்ப்பு எழுதுவதும் நான்.

அந்த வருஷத்துக் கூத்தைக் கேளுங்கள். வருஷம் பிறந்த கையோடு பெரிய கம்பெனி ஒரு புது மட்டை விட்டது. பத்து கெஜம் அதிகம் போகும் என்றது. போன வருஷமும் பத்து கெஜம் என்றுதான் சொன்னது. அதற்கு முந்தின வருஷமும் அதே பத்து. இவர்கள் சொன்ன பத்தையெல்லாம் கூட்டினால் இந்நேரம் பந்து பக்கத்து ஊரில் போய் விழ வேண்டும். இரண்டாவது கம்பெனி ஒரே மட்டைக்கு மூன்று பெயர் வைத்து மூன்று பெட்டியில் போட்டது. சும்மா ஒன்று, 'ப்ளஸ்' ஒன்று, 'மேக்ஸ்' ஒன்று. தராசில் வைத்தால் மூன்றுக்கும் வித்தியாசம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. மூன்றாவது கம்பெனி வெயில் காலத்தில் ஒன்று விட்டது. மழை வருவதற்குள் அதற்கே நீலச் சாயம் பூசி மறுபடியும் விட்டது. பழைய கள், புது மொந்தை. ஒரு கிழட்டுக் கம்பெனி மட்டும் வருஷம் முழுக்க ஒன்றுமே விடாமல் கம்மென்று இருந்தது. எனக்கு அவர்கள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

எல்லோருக்கும் பொதுவான தில்லுமுல்லு ஒன்று உண்டு. ஏழாம் நம்பர் என்று மட்டையின் அடியில் குத்தியிருப்பார்கள். பழைய நாளில் ஏழாம் நம்பரின் முகம் நன்றாக மல்லாந்திருக்கும். பந்து மேலே ஏறி, கொடி நட்ட பச்சைத் திடலில் இறங்கி, சாதுவாக நிற்கும். இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், அதைவிட நிமிர்ந்த ஐந்தாம் நம்பரின் சாய்வை வைத்து, அடியில் ஏழு என்று குத்திவிடுகிறார்கள். கடையில் ஒருவன் அடித்துப் பார்க்கிறான். 'அட, என் பழைய ஏழைவிட இது எங்கேயோ போகுதே' என்று வாயைப் பிளக்கிறான். எங்கே போகாது? சின்னக் குழந்தைக்கு அண்ணன் சட்டையை மாட்டி, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றதுதான். பந்து தூரம் போகும், ஆனால் திடலில் நிற்காது. தட்டையாய் விழுந்து பின்னால் இருக்கிற புதருக்குள் ஓடிவிடும். இதைப் பற்றி ஒவ்வொரு மாதமும் பத்திரிகையில் நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தேன்.

சகலையின் கம்பெனி மட்டை வருஷத்தின் கடைசியில் வந்தது. சின்னக் கம்பெனி. அவன் தனியாகத் தொடங்கிய பிறகு வெளிவந்த இரண்டாவது மட்டை. 'இதுவும் ஓடலைன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்' என்று அவன் மனைவி, அதாவது என் மைத்துனி, போனில் என் மனைவியிடம் அழுததை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே என் தட்டை ஒட்டத் துடைத்துச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது அந்த அழுகை.

ஏன் இந்த வன்மம் என்று கேட்பீர்கள்.

முன்பு ஒரு பெரிய மட்டைக் கம்பெனியில் இருவரும் ஒன்றாக இருந்தோம். அவன் வடிவமைப்புக்குத் தலைவன், நான் தலையையும் தண்டையும் பொருத்துகிறவன். அந்த வேலையையே எனக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புது மட்டையின் வெளியீட்டு விழா. விழாவுக்கென்று கடைசி நேரத்தில் புதுத் தலை ஒன்று வந்தது. பசை போட்டுப் பொருத்தினேன். 'இது ராத்திரி முழுக்கக் காயணும், நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்' என்று சொன்னேன். அன்று சாயங்காலமே விழா. நான் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேடையில் ஒரு விருந்தாளி ஓங்கி அடித்தார். பந்து அங்கேயே இருந்தது. தலை கழன்று பறந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த விநியோகஸ்தரின் தோளில் இறங்கியது. எலும்பு விட்டுப்போயிற்று. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். 'பசை போட்டது இவர்தான்' என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பொய்கூட இல்லை பாருங்கள். பசை போட்டது நான்தான். நான் வாய் திறப்பதற்குள் காவலாளி என் அடையாள அட்டையைக் கேட்டான். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் என்னைப் பட்டறைக்குள் விடவில்லை. இந்தத் தொழிலில் ஒருவன் பொருத்திய தலை பறந்துவிட்டால் அவன் கதை முடிந்தது. எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்தப் பத்திரிகையில் ஒதுங்கினேன்.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாமனார் வீட்டில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. மைத்துனியின் பிள்ளைகள் என்னைப் 'பசை சித்தப்பா' என்று கூப்பிடுகிறார்கள். மாமனார், 'நம்ம பசை மாப்பிள்ளை வந்துட்டாரு, நாற்காலியைப் பார்த்துப் போடுங்கப்பா, கால் கழண்டுடப் போகுது' என்பார். கூடம் முழுக்கச் சிரிக்கும். அவனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான், சோபாவின் நடுவில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவனும் சிரிப்பான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னாலும், 'பசை காயறதுக்கு முன்னாடி எடுத்தது நான்தான்' என்று அவன் வாயால் வர வேண்டும். ஒருமுறை தனியாகக் கேட்டும் பார்த்தேன். 'விடுங்க சகலை, நடந்தது நடந்துபோச்சு' என்று தோளைத் தட்டினான். தட்டின இடம் இன்னும் எரிகிறது.

வருஷக் கடைசிச் சோதனைக்கு மட்டைகளை நாங்கள் கடையில்தான் வாங்குவோம். கம்பெனிகள் அனுப்புவதைத் தொட மாட்டோம், பொறுக்கி எடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் வந்த ஒவ்வொரு மட்டை வகையிலும் ஏழாம் நம்பர் ஒன்று. முதலில் எல்லாவற்றையும் மெஷினில் வைத்து அளந்தேன். பத்திரிகையின் ஆசிரியர் அம்மா பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார். சகலையின் மட்டை இருபத்தெட்டு டிகிரி. ஐந்தாம் நம்பருக்கு ஏழு என்று பெயர் வைத்த அதே திருட்டு. அம்மா போன பிறகு கம்பெனிப் பெயர் தெரியாதபடி எல்லாத் தலைகளிலும் கறுப்பு டேப் ஒட்டி, அடையாளத்துக்கு ஆளுக்கோர் எழுத்து ஒட்டினேன். அடித்துப் பார்ப்பவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அவனுடையதை மட்டும் மறுபடி மெஷினில் பூட்டினேன். மிருதுவான எஃகு, சொன்னபடி கேட்கிற ஜாதி. கம்பியைக் கழுத்தில் கவ்வவிட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். முப்பது. தலை பறந்த அன்றிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வேலையைச் செய்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள். "என்ன, இன்னிக்கு சீட்டியெல்லாம் அடிச்சுக்கிட்டு வர்றீங்க?"

"சோதனை நாளைக்கு. அதான்."

"அத்தானோட மட்டையும் அதுல இருக்கா?"

"இருக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அவர் நல்லவர்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கோணாம அளக்கிறீங்கன்னுதான் நாலு பேர் உங்களை நம்பி அந்தப் பத்திரிகைய வாங்குறாங்க. அதுல மட்டும் கைய வெச்சுடாதீங்க."

"நான் ஏன் வைக்கப்போறேன்?" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் இன்னும் தெளிவாகத்தான் வரும்.

அடிப்பதற்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், ரிட்டயரானவர், சுமாரான ஆட்டக்காரர். நம் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் ரகம்தான். இன்னொருவர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், இளம்பெண், கம்பி மாதிரி உடம்பு, அடித்தால் பந்து விசில் அடிக்கும். முந்தின வாரம் பூரா மழை. தரை ஊறிக் கிடந்தது. மற்ற பத்திரிகைகள் இந்தச் சோதனையை ஒரு ஹாலுக்குள் திரையைப் பார்த்து அடித்து முடித்துவிடும். 'அது ஏமாத்து வேலை, நிஜத் திடலைப் பார்த்து அடிச்சாத்தான் பந்து நிக்குதா ஓடுதான்னு தெரியும்' என்று ஆசிரியர் அம்மாவிடம் சண்டை போட்டு வெளியே கொண்டுவந்ததும் நான்தான்.

பெரிய கம்பெனியின் மட்டையை டாக்டர் அடித்தார். பந்து எங்கோ போயிற்று. திடலில் விழுந்து, துள்ளி, பின்பக்கப் புதரில் மறைந்தது. 'ப்ளஸ்' அடித்தார், புதர். 'மேக்ஸ்' அடித்தார், புதருக்கும் பின்னால். நீலச் சாயம் ஈரத் தரையைத் தோண்டிக்கொண்டு போய் டாக்டரின் சட்டையில் சேற்றை அப்பிற்று. நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தேன். அடுத்தது என் ஆள். வாடா வா, ஏழெட்டு கெஜம் முன்னாலேயே விழுந்து தொலை.

டாக்டர் அடித்தார். பந்து மேலே ஏறியது. ஏறியது என்றால் அப்படி ஓர் ஏற்றம், நிதானமாக, யாருக்கும் பயப்படாமல். திடலின் நடுவில் இறங்கி, ஒரே ஒரு துள்ளல் துள்ளி, கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

"ஐயோ!" என்று கத்தினார் டாக்டர். "பார்த்தீங்களா? நின்னுடுச்சு! என் பந்து நின்னுடுச்சுங்க!"

தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி அடித்தார், நின்றது. டீச்சர் அடித்தார், வந்து விழுந்த இடத்திலேயே நின்றது. மட்டை ஈரத் தரையில் தோண்டவும் இல்லை, வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை மல்லாத்தினால் அடிப்பாகமும் சேர்ந்துதான் சாயும். முன் விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும், தரையில் குத்தாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை பேருக்கு நானே இப்படி வளைத்துக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் அன்று பட்டறையில் என் கண்ணில் தூரம் மட்டும்தான் தெரிந்தது. வருஷம் பூரா எந்தக் கம்பெனிக்காரர்களைத் தூர வெறியர்கள் என்று திட்டினேனோ, அவர்களுடைய கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்கப் போனேன், அது பிள்ளையாராய் வந்து உட்கார்ந்துவிட்டது.

"இது எந்தக் கம்பெனிங்க?" என்று டாக்டர் டேப்பைச் சுரண்டினார். "இப்பவே வாங்கணும் நான்."

சாயங்காலம் ஆசிரியர் அம்மாவின் அறையில் உட்கார்ந்தோம். டேப்பை உரித்தாயிற்று. இரண்டு பேரும் அதற்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது வந்ததுக்கும் இதற்கும் பக்கத்தில்கூட வர முடியாத இடைவெளி.

"தூரம் கம்மியா இருக்கும்மா," என்றேன். "எல்லாத்தையும்விடப் பின்தங்கி இருக்கு. வாங்குறவங்க தூரத்தைத்தான் பார்ப்பாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்களா இதைச் சொல்றீங்க? போன மாசம் என்ன எழுதினீங்க? 'தூரம் தூரம்னு அலையறவன் வீட்டுக்கு வழி தெரியாதவன்'னு எழுதினீங்களே. நான்கூட வெட்டலாமான்னு யோசிச்சு விட்டுட்டேன்."

"இன்னொரு தடவை அடிச்சுப் பார்த்துடலாம்மா. நாளைக்கு."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது. உங்க சகலை மட்டைங்கிறதால கூச்சப்படுறீங்களா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மறைச்சு வெச்சுத்தானே அடிச்சோம். தைரியமா எழுதுங்க."

பட்டறைக்கு வந்து உட்கார்ந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நிலைமை. அவன் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது நான். அந்த நினைப்பே நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. மாமனார் வீட்டுக் கூடத்தில் அவன் இன்னொரு காலையும் மேலே போட்டுக்கொள்வான்.

அப்புறம்தான் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. கடையில் கிடப்பது முப்பது டிகிரி இல்லை, இருபத்தெட்டு. நான் எழுதப்போகிற மட்டை உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அது இங்கே பூட்டுக்குள் இருக்கிறது. எழுதுகிறேன். வானளாவப் புகழ்கிறேன். ஊரே போய் வாங்கட்டும். வாங்கி அடித்துப் பார்த்துவிட்டு, 'நிற்கும் என்றார்களே, ஏன்டா நிற்கவில்லை' என்று அவன் சட்டையைப் பிடிக்கட்டும். ஏணியில் ஏற்றிவிட்டுத் தள்ளுவது தரையில் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

எழுதினேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மனசாரப் புகழ்ந்ததில்லை. 'இந்த வருஷத்து மட்டைகளில் பந்தை நிறுத்தத் தெரிந்தது இது ஒன்றுதான்' என்று முடித்தேன்.

அவன் பெட்டிகளின் மேல் 'வருஷத்தின் சிறந்த மட்டை' என்று தங்க நிறத்தில் ஒட்டினான். கடைகளில் சரக்கு காலி. மாமனார் வீட்டில் விருந்து வைத்தார்கள். அவன் என் கையைப் பிடித்து, 'ரொம்பப் பெரிய மனசு சகலை உங்களுக்கு' என்றான். மாமனார், 'பசை மாப்பிள்ளை இப்பத்தான் ஒழுங்கா ஒட்டியிருக்காரு' என்றார். சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்று கற்றுக்கொண்டேன்.

பிறகு வர ஆரம்பித்தது. டாக்டர்தான் முதல் ஆள். "என்னங்க இது, அன்னிக்கு நின்னுது, இப்ப ஓடுதே?" என்று போன் பண்ணினார். வாசகர்கள் எழுதினார்கள். கடைகளுக்கு மட்டைகள் திரும்பி வந்தன. 'ஏமாற்று வேலை' என்று அவன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஆளாளுக்குக் காறித் துப்பினார்கள். மைத்துனி மறுபடி போனில் அழுதாள். நான் மறுபடி நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு பிற்பகல் அவனே பட்டறைக்கு வந்தான். கையில் கடையில் விற்கிற ஏழாம் நம்பர் ஒன்று. ஆள் இளைத்திருந்தான்.

"சோதனையில அடிச்ச மட்டை இருக்கா சகலை?"

"பூட்டி வெச்சிருக்கோம். யார் வந்து கேட்டாலும் காட்டணும்னு எங்க விதி."

"அப்பக் காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். தான் கொண்டுவந்ததை முதலில் மெஷினில் பூட்டினான். இருபத்தெட்டு. அதை எடுத்துவிட்டு எங்களுடையதைப் பூட்டினான். முப்பது. மட்டையின் கழுத்தைக் கட்டை விரலால் தடவினான். கம்பி கவ்விய தடம் அங்கே இருந்தது. என்ன இருந்தாலும் தொழில் தெரிந்தவன்.

"நீங்க வளைச்சிருக்கீங்க."

கடைக்காரன் கைபட்டிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லப் பிடிக்கவில்லை. "ஆமா."

"எதுக்கு?"

"உங்களைக் கவுக்கத்தான்."

என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வைஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கவுக்கறதுக்கு வளைச்சு, வருஷத்துக்கே நல்ல மட்டையாக்கி வெச்சிருக்கீங்க! ஐயோ சகலை!" மாமனார் வீட்டுக் கூடத்தில் சிரிப்பானே, அதே சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

சிரித்து முடித்ததும் வியாபாரி ஆகிவிட்டான். "ஆசிரியர் அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா இந்த அறை உங்களுக்கு இருக்காது."

"சொல்லுங்களேன். சொன்னா அந்தப் பட்டம் உங்களுக்கு இருக்காது. பெட்டிமேல ஒட்டினதையெல்லாம் நீங்களே சுரண்டணும்."

அவன் குடுமி என் கையில், என் குடுமி அவன் கையில். அது அவனுக்கும் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு பேருமே சொல்ல வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க. ஃபேக்டரியில இருக்கிற சரக்கையெல்லாம் ரெண்டு டிகிரி வளைச்சு வெளியில விடுறேன். வாங்கினவங்களுக்கும் சும்மாவே வளைச்சுக் கொடுத்துடுறேன். பந்து நிக்கும், பேச்சும் நின்னுடும். நீங்க எங்கிட்ட வந்துடுங்க. பட்டறை முழுக்க உங்க பொறுப்பு. மட்டைமேல உங்க பேரையே குத்துறேன். என்ன சொல்றீங்க?"

"எனக்கு அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு போதும். மாமனார் வீட்டுக் கூடத்துல, எல்லாரும் இருக்கும்போது, பசை காயறதுக்கு முன்னாடி எடுத்தது நீங்கதான்னு சொல்லுங்க."

அவன் முகம் இறுகியது. "அது பழைய கதை."

"அந்தப் பழைய கதைதான் வேணும்."

"அது மட்டும் முடியாது சகலை. மாமா என்னைத்தான் அந்த வீட்டுத் தூணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. என் பசங்க முன்னாடி எப்படிச் சொல்வேன்? வேற என்ன வேணாலும் கேளுங்க."

"உன் பசங்கதான்டா என்னைப் பசைன்னு கூப்பிடுது!" என்றேன். முதல் தடவையாக நேரில் 'நீ' வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்தேன்.

"யாருக்கு?"

"ஆசிரியர் அம்மாவுக்கு."

"உங்க மூக்கை அறுத்துக்கிட்டு எனக்குச் சகுனத்தடை பண்றீங்களா?"

"ஆமா. அறுத்துக்கறேன்."

மணி அடிக்க ஆரம்பித்தது. மிரட்டுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் என் கண்ணைப் பார்த்தான். எழுந்து நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை.

"வைங்க. வைங்க சொல்றேன். ஞாயித்துக்கிழமையே வர்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். நான்தான் எடுத்தேன், அவரு வேணாம்னுதான் சொன்னாரு, பழிய அவர்மேல போட்டது நான்தான்னு சொல்றேன். போதுமா? கெஞ்சிக் கேட்டுக்கறேன், போனை வைங்க."

வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எத்தனை வருஷமாக நான் ஏங்கின வார்த்தை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கட்டை விரலை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வேலை இருக்கும், பெயரும் திரும்பி வரும். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, ஒரு வேடிக்கைக் கதையாக அதைச் சொல்வான். 'எவ்வளவு பெரிய மனசு, தப்பை ஒப்புக்கறாரு பாரு' என்று மாமனார் அவனைத்தான் மெச்சுவார். இப்போது என் முன்னால் நிற்கிற இந்த முகம், வேர்த்து, உதடு துடித்து, கெஞ்சுகிற இந்த முகம், ஞாயிற்றுக்கிழமை இருக்காது. இதை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஹலோ, சொல்லுங்க," என்றார் அம்மா.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவு சுகமாக இருந்தது எனக்கு. பிறகு அம்மா, "நாளைக்கு வந்து சாவியைக் கொடுத்துடுங்க. இதழ்ல என்ன போடணுமோ அதை நான் எழுதிக்கறேன்," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவன் தன் மட்டையை எடுத்துக்கொண்டான். வாசலில் திரும்பி, "இனிமே நான் எதுக்குச் சொல்லணும்?" என்றான். அது கேள்வி இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனதைச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கேட்டது வேறு.

"சொல்றேன்னு வாய்விட்டே சொன்னாரா?"

"சொன்னான். கெஞ்சினான்."

"அதுக்கப்புறமும் போனை வைக்கலையா நீங்க?"

"வைக்கலை."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. கோபப்படவில்லை.

"இத்தனை வருஷமா எங்கப்பாகிட்ட ஒத்தை ஆளா நின்னு சண்டை போட்டிருக்கேன். என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு எங்கம்மா, எங்கக்கா, அந்தப் பசங்கன்னு ஒருத்தர் விடாம சொல்லியிருக்கேன். ஒருத்தரும் நம்பலை. அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு மட்டும்தான் வேணும்னு நினைச்சீங்களா?" என்றாள்.